நிமிர்ந்து பார்க்காத பெண்

எங்கள் துறை வெளியிடும் மலரில், புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஊக்கமாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். கேட்டவர் என்னிடம் படித்தவர்தான். "கோபத்த மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணிக்குங்க மேடம், புள்ளைங்க பயந்துடப் போறாங்க" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். வேலூரில் மூளை அறுவை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலையில் இருந்த காலமெல்லாம் என்னைப் பற்றி மேலிடத்துக்குப் போன புகார்களில் முக்கால்வாசி என் வாயைப் பற்றித்தான். ஓய்வுக்குப் பிறகு சர்க்கரை குறைந்திருக்கிறது, ரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது. கோபம் குறையவில்லை. ஊக்கம் தேடுகிறவர்கள் இந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போகலாம்.

போகாமல் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். எங்கே துளை போடுவது, எந்தக் குழாய் நல்லது என்பதெல்லாம் உங்கள் புத்தகங்களில் இருக்கிறது. நான் சொல்ல வருவது எஸ்தர் என்ற பெண்ணைப் பற்றி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவள். அவளுடைய பார்வையைக் காப்பாற்ற மாதக்கணக்கில் நேரம் இருந்தது. அந்த நேரத்தை யார் யார் எப்படித் தின்று தீர்த்தார்கள் என்பதுதான் விஷயம். அதில் நம் ஆட்களும் இருக்கிறார்கள்.

மருத்துவம் படிக்காதவர்களும் இந்த மலரைப் புரட்டுவார்கள் என்பதால் முதலில் ஒரு சின்ன விளக்கம். மண்டைக்குள் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் ஊறுகிறது. மூளையின் உள்ளறைகளில் ஊறி, குறுகலான வழிகளில் இறங்கி, மூளையைச் சுற்றி வந்து ரத்தத்தில் கலந்துவிடும். வழி அடைபட்டாலும் ஊறுவது நிற்காது, அதனால் நீர் தேங்கும். பிறவியிலேயே வழி சரியாக அமையாமல் போகலாம், கட்டி வளர்ந்து அடைக்கலாம், ரத்தம் கசிந்து அடைக்கலாம். நம் பக்கத்தில் நான் நிறையப் பார்த்தது, காசநோய் மூளைச் சவ்வில் ஏறி, அது ஆறும்போது வழியைத் தூர்த்துவிட்டுப் போவது. தேங்கிய நீரை வடிக்க, மூளையின் உள்ளறையிலிருந்து தோலுக்கு அடியிலேயே ஒரு மெல்லிய குழாயைக் கழுத்து, நெஞ்சு வழியாக இறக்கி வயிற்றுக்குள் விடுகிறோம். காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு வால்வு இருக்கும், விரலால் தடவினால் தெரியும். மொத்தத்துக்கும் ஷன்ட் என்று பெயர். சிலருக்குக் குழாய் இல்லாமலே உள்ளே ஒரு துளை போட்டு வழியைத் திறந்துவிடவும் முடிகிறது. குழாய் வைத்தவர்களுக்கு அது என்றைக்கு வேண்டுமானாலும் அடைத்துக்கொள்ளலாம். அடைத்தால் தலை வலிக்கும், வாந்தி வரும், தூக்கமாகவே வரும், பார்வை மங்கும். அப்படியே விட்டால் ஆள் போய்விடுவார்.

இன்னொரு அடையாளமும் உண்டு. நீர் முட்டும்போது, கண்களை மேலே உயர்த்துகிற இடம் நசுங்கும். கண்கள் இடது பக்கம் போகும், வலது பக்கம் போகும், கீழே போகும். மேலே மட்டும் ஏறாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நோயின் அடையாளத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஊர் நம்முடையது. வாணியம்பாடியிலிருந்து ஒரு தோல் வியாபாரி தன் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். குழந்தையின் தலை அதன் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் வளர்ந்திருந்தது, கருவிழிகள் கீழ் இமைக்குள் பாதி இறங்கியிருந்தன. பெரியவர் முகத்தில் கவலையே இல்லை. "பெரிய தலை, பெரிய மூளை. கலெக்டர் ஆவான்னு தெரு பூரா சொல்றாங்க டாக்டர்" என்றார். தடுப்பூசி போடும் நர்ஸ் அளவு நாடாவைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சண்டை போட்டு அனுப்பியிருக்காவிட்டால் வந்திருக்கவே மாட்டார். நான் சொன்னதைக் கேட்டு அவருக்கு என்மேல்தான் கோபம் வந்தது. குழாய் வைத்தோம். பையன் கலெக்டர் ஆகவில்லை. பள்ளிக்கூடம் போனான், கணக்கில் பெயிலானான், கிரிக்கெட் மட்டையால் அடி வாங்கினான். எனக்கு அது போதும்.

எஸ்தர் விஷயத்தில் அப்படிச் சண்டை போட்டு அனுப்ப ஒருவரும் இல்லை.

அவளை முதலில் பார்த்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். எட்டு வயதுக் குழந்தை. காசநோய் மூளைச் சவ்வைப் பிடித்து, நினைவு தப்பி, கட்டிலில் கிடந்தாள். மருந்தும் கொடுத்து, குழாயும் வைத்து, மெல்ல மெல்ல மீட்டெடுத்தோம். அப்பா தோல் பதனிடும் கம்பெனியில் கூலி, அம்மா வீட்டில் இருந்தபடி ஷூவுக்கான தோல் பின்னிக் கொடுப்பவள். வீட்டுக்கு அனுப்பும்போது அந்த அம்மாவை உட்காரவைத்து எல்லாம் சொன்னோம். தலை வலித்து வாந்தி எடுத்தால் அன்றைக்கே ஓடி வர வேண்டும், எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று திருப்பித் திருப்பிச் சொன்னோம். அந்த அம்மா அதை அட்சரம் பிசகாமல் ஒப்பித்தாள். குழந்தை பக்கத்தில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. குழந்தையிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெற்றவளிடம் சொன்னால் போதும் என்பது அன்றைய வழக்கம். கேடுகெட்ட வழக்கம்.

சில வருடங்கள் பரிசோதனைக்கு வந்தார்கள். பெண் வயதுக்கு வந்த பிறகு வருவது நின்றுபோனது. மூளை வார்டு வாசலில் ஆம்பூர்க்காரர் யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம். நம் ஆஸ்பத்திரிக் காரிடாரில் நின்று ஆம்பூர் ஆள் ஒருவரைக்கூடப் பார்க்காமல் போக முடியாது என்பது உங்களுக்கே தெரியும். தலையில் குழாய் இருக்கிற பெண்ணை யார் கட்டுவார்கள்? அதனால் குழாய் வீட்டில் பேசப்படாத பொருளாகிவிட்டது. கழுத்தில் தோலுக்கு அடியில் தட்டுப்படுவதைத் தொட்டுக் காட்டி எஸ்தர் கேட்டபோது, "அது நரம்புடி" என்று சொல்லியிருக்கிறாள் அம்மா. காதுக்குப் பின்னால் இருக்கும் தழும்பு, சின்ன வயதில் கட்டி எடுத்தது. பெண்ணும் நம்பிவிட்டாள். சொந்தத் தலைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமலே வளர்ந்து, பத்தாவது முடித்து, ஷூ கம்பெனியில் சேர்ந்துவிட்டாள்.

ஷூவின் மேல்பாகத்துத் தோலின் ஓரத்தில் பசை தடவி, மடித்து, தட்டி ஒட்டுவது அவள் வேலை. அந்தப் பசையை இங்கே எல்லோரும் சொல்யூஷன் என்பார்கள். மூடியைத் திறந்தாலே நெற்றிப் பொட்டில் ஏறும் வாடை. புதிதாகச் சேர்கிற பெண்கள் எல்லோருக்கும் தலை வலிக்கும், சிலர் வாந்தி எடுப்பார்கள். அதற்கு ஊரில் பெயரே இருந்தது, சொல்யூஷன் தலைவலி. வேலை முடியும் நேரத்தில் பிடிக்கும், காற்றோட்டமாக வீட்டுக்கு நடந்தால் குறையும், லீவு நாளில் இருக்காது. கம்பெனி முதலுதவி அறையில் கேள்வியே இல்லாமல் மாத்திரை கிடைக்கும். இப்படி ஒரு பெயர் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். பெயர் வைத்துவிட்டால் அப்புறம் யாரும் காரணம் தேட மாட்டார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருடம், எஸ்தருக்குத் தலை வலிக்க ஆரம்பித்தது. கம்பெனியில் மாத்திரை கொடுத்தார்கள். வாந்தி எடுத்தாள். "சொல்யூஷன்தான், போகப் போகப் பழகிடும்" என்றார்கள் கூட வேலை பார்த்த பெண்கள். அவள் புதியவளே இல்லை, அந்தப் பசையோடு சில வருடங்கள் இருந்துவிட்டவள் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. ஆம்பூரிலேயே ஒரு கிளினிக்குக்குப் போனார்கள். அந்த டாக்டர் கம்பெனிப் பெயரைக் கேட்டதும் தலையாட்டிவிட்டு டிரிப்ஸ் ஏற்றி அனுப்பினார். அம்மா பக்கத்திலேயே நின்றிருக்கிறாள், குழாய் என்ற சொல்லை வாயிலிருந்து விடவில்லை. ஏனென்றால் அப்போது எஸ்தருக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு பார்வை மங்கியது. பசை கோட்டைத் தாண்டியது, மடிப்பு கோணலானது, அவள் ஒட்டிய பீஸ்கள் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்தன. கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போய் ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்கள். அதுவும் போதவில்லை என்று இன்னொன்று. யாராவது ஒருவர் அந்தக் கண்ணுக்குள் விளக்கடித்துப் பின்பக்கம் பார்த்திருந்தால், உள்ளே வீங்கியிருந்த நரம்பு விஷயத்தைச் சொல்லியிருக்கும். கண் மங்குகிறது என்று சொல்கிற பெண்ணுக்கு ஆளாளுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டார்களே தவிர, கண்ணைப் பார்க்கவில்லை. 

ஒருநாள் மதியம் வேலை நடுவே மேசை மேல் சாய்ந்துவிட்டாள். கம்பெனி வேனில் போட்டு நம் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். கூட அவளுடைய சூப்பர்வைசர் வந்தார். மாப்பிள்ளையின் அம்மா அதே கம்பெனியில் பேக்கிங்கில் வேலை பார்ப்பவர், அவரும் வேனில் ஏறிக்கொண்டார். எஸ்தரின் அம்மாவை வழியில் வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டார்கள்.

நான் வேறொரு நோயாளிக்காக அங்கே போயிருந்தேன். அன்று பொறுப்பில் இருந்த இளம் டாக்டர் நல்ல மார்க் வாங்கினவர், சுறுசுறுப்பானவர். என்னைப் பார்த்ததும் சொன்னார், "ஷூ கம்பெனிப் பொண்ணு மேடம். தலைவலி, வாந்தி. சொல்யூஷன் வாடைதான் ஏறியிருக்கும். ஆக்சிஜன் வெச்சிருக்கேன். கொஞ்சம் கூச்ச சுபாவம் போல, நான் நின்னு பேசறேன், ஏறிட்டே பாக்கல. அவங்க கம்பெனிக்காரர்ட்ட கேட்டு எழுதிட்டேன்."

எழுதிவிட்டாராம். நோயாளி படுத்திருக்க, நோயாளியின் கதையைச் சூப்பர்வைசரிடம் கேட்டு எழுதிவிட்டாராம்.

நான் சூப்பர்வைசர் பக்கம் திரும்பி, "எத்தினி நாளா இப்படி இருக்கா?" என்றேன்.

"ரெண்டு மூணு மாசமாவே சரியில்ல மேடம்" என்றார் அவர். "வேலைல கவனம் இல்ல. ரிஜெக்ஷன் ஜாஸ்தி. கூப்ட்டு இன்னாம்மான்னு கேட்டா நிமிந்துகூட பாக்காது. திமிரு மேடம். நானே ரெண்டு தடவ மெமோ குடுத்தேன்."

கட்டிலருகே போனேன். எஸ்தர் கண் மூடியிருந்தாள். தட்டினால் திறந்தாள், மறுபடி மூடினாள். எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. எட்டு வயதில் பார்த்த குழந்தை, எப்படித் தெரியும். அம்மாவையும் தெரியவில்லை, அவள் முந்தானையால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

"ஞாயித்துக்கெழம தலை வலிக்குமா?" என்று அந்த அம்மாவைக் கேட்டேன்.

அவள் மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "வலிக்கும்" என்றாள்.

"காலைல எந்திரிக்கும்போதா, சாயங்காலமா?"

"எந்திரிக்கும்போதே. கோயில்ல பாட்டு பாடறப்பகூட ஒக்காந்துட்டா. வெளிய போய் வாந்தி எடுத்தா."

இந்த ஒரு கேள்வியைக் கேட்க எந்த மிஷினும் வேண்டாம். பசையால் வருகிற வலி லீவு நாளில் லீவு எடுக்கும். படுத்து எழும்போது கனக்கிற வலி, வாந்தி எடுத்தால் கொஞ்சம் விடுகிற வலி, மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிற வலி. மூன்று மாதமாக அந்தப் பெண்ணைச் சுற்றி இருந்தவர்களில் ஒருவர்கூட ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்கவில்லை.

எஸ்தரைத் தட்டி எழுப்பி, முகத்துக்கு நேரே விரலை வைத்து, தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் விரலைத் தொடரச் சொன்னேன். இடது பக்கம் போனது. வலது பக்கம் போனது. விரலை மேலே உயர்த்தினேன். கண்கள் நடுவிலேயே நின்றுவிட்டன. இமைகள் உயர்ந்தன, நெற்றி சுருங்கியது, அவள் படாத பாடு பட்டாள். கருவிழிகள் ஒரு நூல்கூட ஏறவில்லை.

கூச்சம் என்று சொன்னாரே அந்தப் பிள்ளை, திமிர் என்று சொன்னாரே அந்த மனிதர், இரண்டும் இதுதான். அவள் பார்க்க மாட்டேன் என்று சொல்லவில்லை. அவளால் முடியவில்லை.

தலையை லேசாகத் திருப்பி, கனகாம்பரச் சரத்தை ஒதுக்கி, காதுக்குப் பின்னால் தடவினேன். விரலுக்கு அடியில் வால்வு. பக்கத்திலேயே தழும்பு. அந்தத் தையல் போடும் விதம் எங்கள் பிரிவினுடையது. அந்தக் கணத்தில்தான் அம்மாவை நிமிர்ந்து பார்த்தேன், அவளும் என்னைப் பார்த்தாள், இருவருக்கும் அடையாளம் தெரிந்தது.

அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். காதருகே வந்து கிசுகிசுத்தாள். "டாக்டரம்மா, வாய்விட்டுச் சொல்லிடாதீங்க. சம்பந்தி நிக்கிறாங்க. ஒங்க காலப் புடிச்சிக்கறேன்."

மகள் கண் எதிரே போய்க்கொண்டிருக்கிறாள், அம்மா சம்பந்தியைப் பார்க்கிறாள். அந்தக் கையை உதறிவிட்டேன். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த அம்மாவை ஓங்கி அறைந்திருப்பேன். அறையவில்லை, அதற்கு நேரமில்லை என்பதுதான் காரணம். நாடித்துடிப்பு மெதுவாகிக்கொண்டிருந்தது. அழுத்தம் உச்சத்துக்குப் போகும்போது அப்படித்தான் ஆகும்.

இளம் டாக்டர் ஸ்கேனுக்கு அனுப்பலாம் என்றார். சரியான யோசனைதான், பரீட்சையில் எழுதினால் மார்க் கிடைக்கும். ஆனால் ஸ்கேன் அறையில் விபத்தில் அடிபட்ட ஒருவர் உள்ளே இருந்தார், அவருக்குப் பின்னாலும் ஆள் இருந்தது. போய்க் காத்திருந்து வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டால், படம் மட்டும் மிஞ்சும். ஸ்கேன் இல்லாமல் ஊசி போட்டு, நான் நினைத்தது தவறாக இருந்து, கிருமி உள்ளே போய்விட்டால், அதுவும் என் தலையில்தான் விழும். எல்லாம் தெரிந்த பிறகு முடிவெடுக்க யாராலும் முடியும். நமக்குச் சம்பளம் தருவது தெரியாதபோது எடுக்கிற முடிவுக்கு.

"ஸ்கிரீன இழுங்க. கூட வந்தவங்க எல்லாரும் வெளிய" என்றேன். யாரிடமும் எதையும் விளக்கவில்லை. சுத்தம் செய்து, வால்வுக்குள் மெல்லிய ஊசியை ஏற்றினேன். நீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. தெளிந்த நீர், பாட்டில் தண்ணீர் போல. கொஞ்சம் கொஞ்சமாக விட்டு வடித்தோம். நாடி ஏறியது. எஸ்தர் கண்ணைத் திறந்து, தெளிவாகப் பேசினாள். "தல லேசாய்டுச்சு. நீங்க யாரு?"

இளம் டாக்டர் ஆக்சிஜன் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவரை அங்கேயே, நர்ஸ்கள் முன்னால், நான் கேட்டதை இங்கே எழுத முடியாது. அதற்கும் ஒரு புகார் போனது.

அறுவைக்கு எடுத்துப் போகும் முன் எக்ஸ்ரேயில் காரணம் தெரிந்தது. எட்டு வயதில் வைத்த குழாய். பிள்ளை வளர்ந்துவிட்டாள், குழாய் வளரவில்லை. கீழ்முனை வயிற்றுக்குள்ளிருந்து மேலே இழுபட்டு, வயிற்றுச் சுவரின் சதையில் சிக்கி அடைத்துக்கொண்டிருந்தது. வருடத்துக்கு ஒருமுறை வந்திருந்தால் ஒரு படத்தில் கண்டுபிடித்து நீட்டி வைத்திருப்போம். சாதாரண வேலை. வராமல் போனதற்குக் காரணம் காரிடாரில் யாராவது பார்த்துவிடுவார்களே என்பது.

தலையை மழித்தால் எல்லாம் வெளியே தெரிந்துவிடும் என்று அந்த அம்மாவுக்குப் புரிந்தது. கையெழுத்துப் போடும்போது அழுதாள். மாப்பிள்ளையின் அம்மா என்னை வழிமறித்தார். கெட்ட பெண்மணி இல்லை, பயந்துபோயிருந்தார்.

"இன்னா ஆச்சு டாக்டர்? மூளைல தண்ணின்றாங்க. நாங்க பொண்ணு பாக்கப் போனப்பகூட நல்லாத்தான் இருந்துச்சு. கேட்டதுக்கெல்லாம் கீழ பாத்துக்கினே பதில் சொல்லிச்சு. தலையவே தூக்கல. எங்க வூட்டுக்காரரு, இந்தக் காலத்துல இப்டி அடக்கமான பொண்ணு கெடைக்குமான்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டாரு."

 பெண் பார்க்கப் போய், இத்தனை பேர் சுற்றி உட்கார்ந்து, காபி குடித்து, அந்தப் பெண்ணின் நோயைப் பார்த்திருக்கிறார்கள். பார்த்து, பிடித்துப்போய், பூ வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

"அது அடக்கம் இல்லம்மா. அது வியாதி" என்றேன்.

"மொதல்லயே எங்களாண்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருந்தா கட்டியிருப்பீங்களா?"

 அவர் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். பிறகு அவரை நான் பார்க்கவில்லை. எஸ்தரின் அம்மா மேல் எனக்கு இருந்த கோபம் போகவில்லை, இன்றும் போகவில்லை. ஆனால் அந்தக் கோபத்தில் கொஞ்சத்தைப் பிரித்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போகிற எல்லோருக்கும் கொடுத்து வைத்திருக்கிறேன்.

அறுவை நன்றாக முடிந்தது. புதுக் குழாய், நீளமாக. மறுநாள் காலை வார்டுக்குப் போனேன். எஸ்தர் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், முகத்தில் வலியின் சுருக்கமே இல்லை. இளம் டாக்டரையும் கூட நிற்க வைத்திருந்தேன்.

"எஸ்தர், மேல பாரு" என்றேன்.

பார்த்தாள். இரண்டு கண்களும் தடையில்லாமல் மேலே ஏறின, முழுவதுமாக, அழகாக. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அந்த இடம் மீண்டுவிட்டது. என் கையை உயர்த்தி விரல்களைக் காட்டி, "எத்தன வெரல்?" என்று கேட்டேன்.

அவள் கண்கள் மேலேயே நின்றன. கொஞ்சம் அலைந்தன.

"எங்க காட்றீங்க டாக்டர்?" என்றாள்.

மாதக்கணக்கில் அழுத்தத்தில் கிடந்த பார்வை நரம்பு செத்துப்போயிருந்தது. ஊசி போட்ட நேரத்தில் உயிரைப் பிடித்துவிட்டோம், பார்வையைக் காப்பாற்றும் நேரம் அதற்கு முன்பே போய்விட்டது, என் விரலைத் தொடர்ந்த அந்தக் கடைசி மங்கலும் இரவோடு அணைந்துவிட்டது. கண் பிரிவில் எத்தனையோ பார்த்தார்கள். ஜன்னல் பக்கம் வெளிச்சம், இந்தப் பக்கம் இருட்டு, அவ்வளவுதான் மிஞ்சியது. அம்மா ஒவ்வொரு முறையும் என்னிடம் ஒரே கேள்வி கேட்டாள், எப்போது கண் வரும் என்று. வராது என்று நான் ஒவ்வொரு முறையும் சொன்னேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

எஸ்தர் அழுதாள், ஆனால் நான் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. வீட்டுக்குப் போகும் முன்பு அவள் கையைப் பிடித்து, விரலைக் காதுக்குப் பின்னால் வைத்து, வால்வைத் தொட்டுக் காட்டினேன். அங்கிருந்து கழுத்து, நெஞ்சு, வயிறு என்று குழாய் போகும் வழியெல்லாம் அவள் விரலையே கூட்டிப்போனேன்.

"அப்ப இது நரம்பு இல்லியா?" என்றாள்.

"இல்லம்மா. நீ எட்டு வயசுல இருக்கும்போது நாங்க வெச்ச குழாய்."

அப்போதுதான் அழுதாள். "எனக்கு ஏன் யாருமே சொல்லல? எனக்குத் தெரிஞ்சிருந்தா நானே பஸ் ஏறி வந்திருப்பேனே டாக்டர்."

அவள் அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். 

அதற்குப் பிறகு எங்கள் பிரிவில் ஒரு பழக்கத்தை ஏற்படுத்தினேன். குழாய் வைத்த குழந்தை எதுவானாலும், பேசத் தெரிந்த வயது வந்ததும், அதன் கையாலேயே வால்வைத் தொட வைத்து, இது என்ன, எதற்கு, அடைத்தால் என்ன ஆகும் என்று குழந்தைக்கே சொல்ல வேண்டும். அம்மா அப்பா முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பெண் குழந்தையிடம் வேண்டாமே என்று இழுக்கிற பெற்றோரை நான் என்ன பாடு படுத்தினேன் என்று பழைய நர்ஸ்களைக் கேளுங்கள். நான் போன பிறகு அந்தப் பழக்கம் தளர்ந்துவிட்டதாகக் கேள்விப்படுகிறேன். வெளிநோயாளிக் கூட்டம் ஜாஸ்தி, நேரம் இல்லை என்கிறார்களாம். நேரம் இல்லையா? எஸ்தருக்கு மூன்று மாதம் இருந்தது, அதை என்ன செய்தோம்?

இனி உங்களிடம். தலைவலி என்று வருகிறவரிடம் லீவு நாளைப் பற்றிக் கேளுங்கள். கூட வந்தவர் பேசுவதைக் கேளுங்கள், ஆனால் படுத்திருப்பவரைக் கேட்காமல் ஒரு வரி எழுதாதீர்கள். குனிந்த தலையைப் பார்த்தால் குணத்தைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் யாருக்கும் தேவையில்லை. மேலே பார்க்கச் சொல்லுங்கள். பூ வைத்திருக்கிறாளே, பெண்ணாயிற்றே என்று யோசிக்காமல் தலையைத் தொட்டுப் பாருங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு எஸ்தர் பரிசோதனைக்கு வந்தாள். கல்யாணம் ஆகவில்லை. பார்வையற்றோர் பள்ளி ஒன்றில் விடுதிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அம்மா கைபிடித்துக் கூட்டி வந்தாள். அன்று வெளிநோயாளிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் உட்கார்ந்திருந்தான், உங்களைப் போல. நான் பின்னால் நின்று பார்த்தேன். அவன் வழக்கம்போல அம்மாவைப் பார்த்து, "இவங்களுக்கு என்ன?" என்று ஆரம்பித்தான்.

எஸ்தர் காற்றில் கையை நீட்டித் துழாவி, அவன் கையைக் கண்டுபிடித்து, தன் காதுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள். முகத்தை நன்றாக நிமிர்த்தி, குரல் வந்த திசையைப் பார்த்துச் சொன்னாள்.

"என்னக் கேளுங்க டாக்டர். மொதல்ல இதத் தொட்டுப் பாருங்க. என் தலைல ஒரு குழாய் இருக்குது, வயித்துல போய் முடியுது. எனக்குத் தல வலிச்சா அதுக்கு வேற பேர் எதுவும் வெக்காதீங்க."

பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம்கூட இதைச் சொல்லிவிடுகிறாளாம். அம்மா அதைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டாள். பாதிக் காரிடார் ஆம்பூர்க்காரர்கள்தான், எல்லோரும் எஸ்தரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் உடம்பைப் பற்றி இந்த நாலு வரி ஒரு பெண்ணுக்குத் தெரிவதற்கு நாம் எல்லோரும் சேர்ந்து அவளிடம் வாங்கிய விலை இரண்டு கண்கள்.